பாத்தியில் நிமிர்ந்த பலகை

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் மூன்று வேளையும் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்த எங்களுக்கு, மரவள்ளி நடுவது எப்படி என்று அரசாங்கம் பாடம் நடத்தியது. கோலா பிலா டவுனுக்குப் போகும் பாதையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். யுத்தத்தில் படிப்பு விட்டுப்போய், மீசை அரும்பிய பிறகும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்த பையன்களும், என்னைப் போல வளர்ந்துவிட்ட இரண்டு மூன்று பெண்களும் மேல்வகுப்பில் இருந்தோம். எங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் விவசாய வகுப்பைத் தொடங்கியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

காட்டுக்குள் போய்த் துப்பாக்கி தூக்கிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்து, கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்களை வாசலில் நிறுத்தி, வாளி முதல் கொண்டைவரை தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பிடி சோறு போய்ச் சேரக்கூடாது என்பது சட்டம். பள்ளிக்கூடம் மட்டும் வேலிக்கு வெளியே நின்றது. கம்பி போதவில்லை என்றார்கள். பள்ளிக்குப் பின்னால் எங்கள் பாத்திகள், அதற்குப் பின்னால் ரப்பர் மரங்கள், அதையும் தாண்டினால் காடு.

ஆளுக்கொரு பாத்தி. தலைமாட்டில் அவரவர் பெயர் எழுதிய பலகை. மரவள்ளிக் குச்சியைச் சாய்வாகக் குத்த வேண்டும் என்று வாத்தியார் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். எங்கள் அம்மா அப்படி நட மாட்டாள். சின்னப் பள்ளம் பறித்து, குச்சியைக் கிழக்கே தலைவைத்துப் படுக்கப்போட்டு, மண்ணை மூடிக் கையால் தட்டிவிடுவாள். லயத்தில் எல்லோரும் கேலி செய்தாலும் எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். நான் எழுந்து, “எங்கம்மா படுக்கவச்சுதான் சார் நடும்” என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை, பனி விலகுவதற்கு முன்பே பாத்திக்குப் போனேன். எங்கோ ரப்பர் காய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. என் பாத்தியின் கடைக்கோடி மரவள்ளிச் செடியைக் காணவில்லை. பன்றி தோண்டியிருந்தால் மண் நாலாபக்கமும் இறைந்து கிடக்கும். இங்கே மண் மூடி, தட்டி, வழவழவென்று இருந்தது. அதன்மேல் ஐந்து விரலும் பதிந்த ஒரு கைத்தடம். என் கையை அதற்குள் வைத்துப் பார்த்தேன். தடம் என் கையைவிட ரொம்பப் பெரியது. மண்ணைக் கிளறினேன். அடியில் புதுக் குச்சி ஒன்று, பிணத்தைக் கிடத்தியதுபோல் நீட்டிப் படுத்திருந்தது. தலை கிழக்கே இருந்தது.

ஊரடங்கு நேரத்தில் மனுசர் யாரும் அங்கே வரமுடியாது. வந்தது பேய் என்றால், அது எங்கள் வீட்டு வழக்கம் தெரிந்த பேய். அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனான். அவர் பசியிலேயே செத்தார் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். வீட்டில் வேறு ஆம்பிளை அண்ணன் மட்டும்தான். தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்தவர்களைத் தேடிப் போலீஸ் வந்த வாரமே அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாக அம்மா சொல்லியிருந்தாள். ஆகவே வந்தது அப்பாதான் என்று நான் முடிவுகட்டினேன்.

மத்தியானம் அம்மா வந்ததும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வலிக்கும்படி அழுத்தின.

“கெழக்கயா தலை வச்சிருந்துச்சு? நல்லாப் பாத்தியா?”

“பாத்தேம்மா.”

“யாருகிட்டயும் சொல்லாத. ஒங்கப்பாதான். பசிச்சு வராரு. வெளிய சொன்னா கோவிச்சுக்குவாரு.”

அன்று அம்மா வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். பேய் வந்த வீட்டில் இவ்வளவு சந்தோசமா என்று எனக்கு அவள்மேல் பயமாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு அவ்வப்போது ஒரு செடி போகும்; அதே இடத்தில் ஒரு குச்சி படுத்திருக்கும். என் பாத்தியில் மட்டும்தான். களை பிடுங்கியிருக்கும். மழையில் சாய்ந்த என் பெயர்ப் பலகை காலையில் நிமிர்ந்து நிற்கும். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. என் பெயரை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று யோசித்தேன். செத்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி காவலர்களோடு தோட்டத்தைப் பார்க்க வந்தார். பாத்தி பாத்தியாக நடந்தவர் என்னுடையதில் நின்றார். கையிலிருந்த பிரம்பால் மண்ணைக் கிளறினார். படுத்திருந்த குச்சி வெளியே வந்தது. மற்றதெல்லாம் சாய்ந்து நிற்க இது மட்டும் ஏன் இப்படி என்று அவர் வாத்தியாரிடம் இங்கிலீஷில் கேட்டது, அவர் தொனியிலேயே எனக்குப் புரிந்தது. வாத்தியார் குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அண்ணனுக்கும் எழுத்து சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“எத்தன தடவ சொல்லிருக்கேன், சாய்ச்சு நடுன்னு? ஒங்கம்மா மாதிரியேதான் நடுவியா?”

“நான் நடல சார்” என்று வாயெடுப்பதற்குள் உள்ளங்கையில் அடி விழுந்தது. வாயைத் திறக்கத் திறக்க மேலும் விழுந்தது. வகுப்பில் யாரையும் அடிக்காத மனுசர். அதிகாரி சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டிவிட்டு, காட்டுப்பக்கம் கிழங்கு இருக்கக்கூடாதென்று மரவள்ளியை மட்டும் அடியோடு பிடுங்கிப்போடச் சொல்லிவிட்டுப் போனார்.

செய்யாத குற்றத்துக்கு வாங்கிய அடி இன்றைக்கும் வலிக்கிறது. அம்மா என் கைக்கு மஞ்சள் பற்றுப்போட்டாள். பிறகு எங்கள் வீட்டில் முட்டை போட்டுக்கொண்டிருந்த ஒரே கோழியைப் பிடித்து, வாத்தியார் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். மகளை அடித்தவனுக்குக் கோழி கொடுக்கிற மானங்கெட்ட பொம்பளை என்று மனசுக்குள் திட்டினேன்.

மரவள்ளி போனபிறகு பாத்தியில் வெண்டையும் கத்தரியும்தான். அம்மா எனக்கு ஒரு புது வேலை வைத்தாள்.

“வரும்போது ஒம்பலகையச் சாச்சுப் போட்டுட்டு வா. காலைல நிக்குதான்னு பாத்துச் சொல்லு.”

அப்படியே செய்தேன். சில நாள் பலகை கிடக்கும். சில நாள் நிற்கும். யாருமில்லாத பனிக்குள் என் பெயர் மட்டும் நேராக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓட்டமெடுப்பேன். நின்றது என்று சொன்னால் அம்மா அன்று பாட்டுக்கூட முணுமுணுப்பாள்.

ஒரு வாரம், விடியற்காலையில் காட்டுப்பக்கம் வெகுநேரம் சுடும் சத்தம் கேட்டது. அதன்பிறகு பலகை கிடந்தது கிடந்தபடியே இருந்தது. அதன்மேல் கறையான் ஏறியது. பாத்தியில் களை முளைத்தது. எனக்கு ஒரே நிம்மதி. அப்பாவின் ஆத்மா அடங்கிவிட்டது என்று ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

“போயிட்டாரும்மா. இனி வரமாட்டாரு.”

அம்மா பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய வாளியையே மறுபடி மறுபடி கழுவினாள். மறுநாள் வேலை வாங்கும் மண்டோரிடம் பல்வலி என்று சொல்லி, லாரியில் டவுனுக்குப் போனாள். காட்டில் சுடப்பட்டவர்களைப் போலீஸ் நிலையத்து வாசலில் கிடத்தியிருக்கிறார்கள், ஜனங்கள் கூடி நின்று பார்க்கிறார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

பொழுது சாயுமுன் திரும்பி வந்தாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். எல்லாப் பல்லும் இருந்தன.

“பல்லு புடுங்கலையாம்மா?”

“இனிமே வலிக்காதுடி.”

அண்ணன் சிங்கப்பூருக்குப் போகவே இல்லை என்பது எனக்குப் புரிய, நானும் ஒரு மகனைப் பெற்று வளர்க்க வேண்டியிருந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரே வாரத்தில் அப்பாவின் பசியும் அம்மாவின் பல்வலியும் தீர்ந்துவிட்டன என்பதுதான். மறுநாள் காலை பாத்திக்குப் போய், கறையானைத் தட்டிவிட்டு, பலகையை நானே நிமிர்த்தி, இனி யாரும் அசைக்க முடியாதபடி கல்லை வைத்து இறுக்கிவிட்டு வந்தேன்.