சனிக்கிழமை வெளிச்சம்

தம்பிக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்ததும் அவனுடைய துணிமணியெல்லாம் கூடவே போயின. கம்ப்யூட்டர் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. நண்பர்களோடு நெருக்கியடித்துக் கிடக்கும் அறையில் அதை எங்கே வைப்பது என்றான். சனிக்கிழமைதோறும் வந்துவிடுவதாகவும் சொன்னான். எங்கள் பாறசாலையிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தானே. அப்பாவும் அம்மாவும் போனபின் வீட்டில் நாங்கள் இருவர். இப்போது நான் மட்டும்.

அந்தப் பெட்டி சுத்தச் சோம்பேறி. சுவிட்சைப் போட்டால் முனகி, யோசித்து, முகம் காட்டுவதற்குள் ஒரு மூடி தேங்காய் துருவிவிடலாம். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு வெந்நீர் போடும்போதே, அம்மா தைத்த பூப்போட்ட உறையை எடுத்துவிட்டு அதையும் போட்டுவைப்பேன். வருகிறவன் காத்திருக்கக் கூடாதே. முதல் மாதம் தவறாமல் வந்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை வெந்நீர் ஆறியது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆறின. ரயிலைத் தவறவிட்டால் அவன் ஏறிவரும், அமரவிளையிலிருந்து வரும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. ஒற்றைக்குக் குடும்ப ஜெபம் செய்தேன். பாட்டை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு தொண்டையை வைத்துக்கொண்டு என்னத்தைப் பாடுவது? கம்ப்யூட்டரை அணைக்கலாமென்று அவன் அறைக்குப் போனேன். திரையில் நட்சத்திரங்கள் பறந்துகொண்டிருந்தன. உள்ளே விசிறி இரைந்தது. அறையில் ஆள் இருப்பது போலவே இருந்தது. முறைப்படி அணைக்கத் தெரியாதவள் அல்ல நான். ஆனாலும் அணைக்கவில்லை. கரண்ட் பில்லை நினைத்து என்னையே திட்டிக்கொண்டு படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் பக்கத்து வீட்டு மாமி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி வந்தானாக்கும்! விடிய விடிய அவன் அறையில வெளிச்சம் உண்டும்லா, மக்கா.”

ஆமென்பதுபோல் சிரித்து வைத்தேன். பக்கத்தில் நின்றவர்களும் அக்காமேல் பாசமுள்ள பையன் என்றார்கள். வீடு வரும்வரை எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதன்பிறகு அவன் வராத எல்லாச் சனிக்கிழமையும் கம்ப்யூட்டர் விடியும்வரை ஓடியது. ஐப்பசி இடிமழைக்கு ஊரே பிளக்கைச் சுவரிலிருந்து ஊரிப்போடும். நானும் ஊருவேன். இடி அடங்கியதும் முதல் வேலையாக மாட்டிவிடுவேன்.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் தம்பி வந்து நின்றான். பெங்களூரில் வேலை கிடைத்திருப்பதைச் சொல்லத்தான் வந்தான். பெட்டியை நீயே வைத்துக்கொள் என்றான். பிறகு அறைக்குள் போனான்.

“அக்கா, ஆளில்லாம இதை எதுக்கு ஓட விட்டிருக்கே? கேடாயிரும்.”

ஒழுங்காக அணைத்து, உறையைப் போட்டு மூடிவிட்டுப் படுத்தான். அலைச்சல் போலும், உடனே குறட்டை வந்தது. அவன் குறட்டை விட்ட அந்த ஒரு சனிக்கிழமை எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் முதல் ரயிலுக்கே கிளம்பிப் போய்விட்டான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது மாமி காத்திருந்தாள்.

“நேத்து தம்பி வரல்ல, இல்லியா? அறை இருட்டாக் கெடந்துதே.”

“வந்தான் மாமி,” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாரமில்ல மக்கா, வெசனப்படாத. அடுத்த சனிக்கிழமை வருவான்.”