ட்ரெய்லருக்கு அடியில் கிடந்த மே மாதம்

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். இங்கே கனடாவில் சனம் நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு, சக்கரம் வைத்த இன்னொரு வீட்டை வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போய்க் காட்டுக்குள் படுக்கிறது. ட்ரெய்லர் என்கிற அந்த வீட்டுக்குள் கட்டில், குசினி, கக்கூசு எல்லாம் உண்டு. போன இடத்தில் இடம் போதாவிட்டால் ஒரு ஸ்விச்சை அழுத்த வேண்டியதுதான்; ஒரு பக்கச் சுவர், மேசை கதிரையோடு அப்படியே மூன்றடி வெளியே நகர்ந்து அறை பெரிதாகிவிடும். ஸ்லைட்-அவுட் என்பார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிறகு அதைத் திருத்துவதே என் பிழைப்பாகிவிட்டது. பிக்கரிங்கில் ஒரு சின்னப் பட்டறையில் பதினொரு வருடம் ட்ரெய்லர்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்திருக்கிறேன்.

வருகிறவர்கள் பாதிப்பேர் 'ஏதோ சத்தம் கேட்கிறது' என்றுதான் வருவார்கள். என்ன சத்தம் என்று கேட்டால் வாயால் செய்து காட்டுவார்கள். கோட்டும் சூட்டும் போட்ட மனிதர் 'கிர்ர்ர்ர்... டக்' என்று கன்னத்தை உப்பிக் காட்டும்போது சிரிப்பை அடக்குவது பெரும் பாடு. ஆனால் அந்தச் சத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. கீச்சென்றால் ரப்பர் காய்ந்துவிட்டது. முனகினால் பற்றரி இறங்கிவிட்டது. கடகடவென்றால் கீழே பற்சக்கரம் பல் விட்டு ஓடுகிறது, சுவர் ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்திக் கோணலாக இறுகப்போகிறது. நான் கழற்றிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். உனக்கு எங்கே கிடைத்தது இந்தக் காது என்று முதலாளி கேட்பான். நான் சிரித்துச் சமாளிப்பேன்.

எங்கே கிடைத்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பங்கர் வெட்டி அதற்குள் பதுங்கி இருந்த காலத்தில், ஷெல் புறப்படும் சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லப் பழகியிருந்தேன். என் தங்கை வசந்திக்கு அப்போது பத்து வயது. என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இது எங்கை விழும்?" என்று கேட்பாள். "தூரத்திலையடி" என்பேன். கிட்ட விழப்போகிறது என்று தெரிந்தாலும் அதைத்தான் சொல்வேன். அவளும் நம்பிக் கண்ணை மூடுவாள். பிறகு நான் கனடாவுக்கு வந்துவிட்டேன். அவள் வன்னியில் கலியாணம் கட்டி, மூன்று பிள்ளைகளோடு அங்கேயே இருந்துவிட்டாள்.

யுத்தம் முடியப்போகிற அந்த மே மாதம், வசந்தியின் குரலைக் கேட்டு நான்கு மாதமாகிவிட்டிருந்தது. கடற்கரையோரம் ஒரு துண்டு நிலத்துக்குள் சனத்தை நெருக்கி வைத்து அடிக்கிறார்கள் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. நாங்கள் குடியிருந்த வோபர்னில் எங்கள் கட்டடத்தில் பாதிச் சனம் வேலைக்கே போகவில்லை, தினமும் நகரத்துக்குப் போய், யுத்தத்தை நிறுத்தச் சொல்லித் தெருவில் நின்றது. என் மனைவி செல்வியும் போனாள். பட்டறையிலோ திங்களும் விடுமுறையான நீண்ட வார இறுதி வருகிறது, எல்லோருக்கும் அதற்குள் ட்ரெய்லர் வேண்டும். போகாமல் இருக்க எனக்கு அது நல்ல சாட்டு.

"உங்கட சொந்தத் தங்கச்சி. ஒருநாள் வந்து நிண்டா என்ன குறைஞ்சு போவீங்கள்?" என்று கேட்டாள் செல்வி.

"வேலை போயிடுமப்பா" என்றேன்.

"வேலையோ! உங்களுக்கு வெக்கம். அதைச் சொல்லுங்கோ."

சரியாகப் பிடித்துவிட்டாள். பட்டறையில் என் பெயர் ரே. நான் இந்தியாக்காரன் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. இலங்கை என்றால் கேள்வி வரும், தமிழ் என்றால் இன்னும் வரும். இந்தியா என்றால் கறியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். எங்களில் எத்தனை பேர் இந்தச் சுகமான பொய்யைச் சொல்லியிருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது ஒன்றும் என் குற்றத்தைக் குறைக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனம் நகரத்து நெடுஞ்சாலையில் ஏறி மறித்தது. செல்வி அங்கே நின்றாள், கையில் வசந்தியின் கலியாணப் படம். நான் நாளைக்கு வெள்ளன வேலை என்று சொல்லி, வீட்டில் சோபாவில் இருந்து தொலைக்காட்சியில் அவளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து வால்ட்டர் என்ற கிழவர் ட்ரெய்லரோடு வந்தார். எழுபது வயதிருக்கும், பேச்சில் ஒரு கடுகடுப்பு. ஸ்லைட்-அவுட் உள்ளே போகும்போது கடைசி ஒரு சாணில் 'டக்' என்று அடித்து உரசுகிறது என்றார். ஞாயிறு நெடுஞ்சாலையில் நான்கு மணித்தியாலம் மாட்டிக்கொண்டதையும் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அவர்கள் உன்னுடைய ஆட்களா?" என்று கேட்டார்.

யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. முதலாளிகூடப் பக்கத்தில் இல்லை. "இல்லை, நான் இந்தியன்" என்றேன். கேட்டு வாய் மூடுமுன்னே சொல்லிவிட்டேன்.

"ஓ" என்றார்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே நின்று ஸ்விச்சை அழுத்த, மற்றவர் கீழே படுத்துக் கேட்க வேண்டும். அன்று ஆள் இல்லை. வால்ட்டரை உள்ளே நிறுத்திவிட்டு நான் கீழே போனேன். உள்ளே, வெளியே, உள்ளே என்று ஐந்தாறு தரம் விடச்சொன்னேன். பற்சக்கரத்தில் பிழை இல்லை, மோட்டரும் சுத்தம். ஏழாம் தரம், தளத்தைத் தாங்குகிற உருளைக்குப் பக்கத்தில் ஏதோ பளிச்சென்றது. நிறுத்தச் சொல்லி விரலை விட்டு இழுத்தேன். ஒரு தேக்கரண்டி. தட்டையாக நசிந்து வந்தது. "கரண்டி!" என்று கத்தினேன். மேலே கிழவர் சிரித்தார். இரண்டு கோடையாக மனைவி அதைத் தேடுகிறாளாம், இவர்தான் தொலைத்தார் என்று ஏச்சாம்.

சிரிப்பு நின்ற பிறகும் அவர் ஸ்விச்சடியிலேயே நின்றார். தளத்தின் ஊடாக அவர் குரல் மட்டும் எனக்கு வந்தது. அந்த ஞாயிறு ஒரு பெண் இவருடைய காருக்குப் பக்கத்தில் வந்து ஒரு படத்தைக் காட்டினாளாம். அழுதுகொண்டு ஏதோ சொன்னாளாம். இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டாராம்.

"என் மனைவி அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கும் நித்திரை இல்லை. அந்த மக்களில் ஒருவரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குத்தான் உன்னிடம் கேட்டேன். உனக்கு அவர்களில் யாரையாவது தெரியுமா?"

ஐயோ, அந்த மனிதன் என்னைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. நான்தான் அப்படி நினைத்துப் பயந்தேன். படம் கையில் வைத்திருந்த பெண்கள் அன்று ஆயிரக்கணக்கில் நின்றார்கள். அவள் செல்வியாகவும் இருக்கலாம். கலியாணப் படமா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டால் நான் யார் என்று சொல்ல வேண்டும், சற்று முன் பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும். நசிந்த கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இல்லை, எனக்கு யாரையும் தெரியாது" என்றேன். முதற்பொய் பயத்தில் வந்தது. இது வெட்கத்தில் வந்தது. என்னைக் கேட்டால் இதுதான் மோசம்.

நீண்ட வார இறுதிக்கு முன் எல்லா ட்ரெய்லர்களும் போய்விட்டன, வால்ட்டரினுடையதும். அந்தத் திங்கட்கிழமை யுத்தம் முடிந்தது என்று செய்தி வந்தது. செல்வி குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். வால்ட்டர் கதையை அன்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. வேறொரு நாள்தான் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு எழும்பிப் போய்ச் சோற்றுக்கு உலை வைத்தாள்.

ஆனி மாதக் கடைசியில் வவுனியா முகாமிலிருந்து யாரோ ஒருவரின் போனில் வசந்தி எங்களை அழைத்தாள். செல்வி ஸ்பீக்கரைப் போட்டாள். பிள்ளைகள் மூன்றும் இருக்கிறார்கள். "இவர் இல்லை அண்ணா" என்றாள் வசந்தி. கொஞ்ச நேரம் மூன்று பேரும் அழுதோம். பிறகு அவள்தான் பேசினாள்.

"கனடாவிலை சனமெல்லாம் றோட்டை மறிச்சு நிண்டதாம் எண்டு றேடியோவிலை கேட்டனாங்கள் அண்ணா. பங்கருக்குள்ளை வைச்சுப் பிள்ளையளுக்குச் சொன்னனான், மாமாவும் அதுக்குள்ளை நிப்பார் எண்டு. அதைச் சொல்லித்தான் அதுகளை நித்திரையாக்கினனான். நிண்டனீங்கள்தானே?"

பிக்கரிங்கில் வால்ட்டர் கேட்டபோது இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு கணம்கூட எடுக்கவில்லை. இப்போது நாக்கு எழும்பவில்லை.

"ஓம்" என்றேன்.

அது எனக்கே கேட்கவில்லை. "என்ன அண்ணா?" என்றாள் வசந்தி. செல்வி என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஓம் மச்சாள்" என்றாள், என்னைப் பார்க்காமல். "முழுநாளும் எனக்குப் பக்கத்திலைதான் நிண்டவர்."