நான் நின்ற இடம்

கண்டிக்குக் கிட்ட, திகனப் பக்கம் உள்ள தொழிற்சாலை ஒன்றில் டைல் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரோபோவுக்கு நான்தான் ஆள். காலையில் திருநீறு பூசி, முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் அதன் பிடியிலுள்ள சென்சரைத் துடைப்பேன். டைல் தூசி அப்படிப் படியும். பெட்டியைச் சரியாகப் பிடித்தாயிற்று என்று அந்தச் சென்சர் சிக்னல் கொடுத்தால்தான் ரோபோ தூக்கும். கொடுக்காவிட்டால் பொழுது சாய்ந்தாலும் காத்து நிற்கும். புரோகிராமில் அதற்கென்றே ஒரு வரி உண்டு.

புதிதாக வந்த எஞ்சினியருக்கு அந்தக் காத்திருப்புப் பிடிக்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, இரண்டு செக்கன் நின்று தூக்கும்படி மாற்றினார்.

"சரியா புடிக்காட்டியும் தூக்கிருமே சேர்," என்றேன்.

"பள்ளிக்கூடத்துல ஓ.எல். மட்டும் படிச்ச நீர் எனக்குச் சொல்லித் தாறீரோ?"

ஒன்பதாம் நாள், அரைகுறையாகப் பிடித்த பெட்டி, ரோபோ சுழன்ற வேகத்தில் நழுவி, அதைச் சுற்றியிருந்த பாதுகாப்பு வேலியைத் தாண்டி என் காலில் விழுந்தது. இரண்டு விரல்கள் நசுங்கின. கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எஞ்சினியர் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. 'ஊழியரின் கவனக்குறைவு.' இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை.

"விடுங்க, சாமி பாத்துக்கும்," என்றாள் மனைவி.

"சாமி பாக்கட்டும். நானும் பாக்குறேன்."

வேலைக்குத் திரும்பிய அன்றே பழைய வரியைச் சத்தமில்லாமல் போட்டேன். தினமும் சென்சரைத் துடைத்தேன். சிக்னல் உடனே வந்ததால் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முதலாளி விருந்தாளிகளோடு வந்த நாளில் மட்டும் துடைக்கவில்லை.

பெட்டியைப் பிடித்தபடி ரோபோ நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"என்ன ஐசே, ஏன் நிக்குது?" எஞ்சினியர் ஓடி வந்தார்.

"சிக்னலுக்குக் காத்து நிக்குது சேர். உங்க ரெண்டு செக்கன திருப்பிப் போடவா? இப்பவே தூக்கும். ஆனா அன்னைக்கு நான் நின்ன எடத்துல நீங்க வந்து நில்லுங்க."

எஞ்சினியர் ஓரடி பின்னால் போனார்.

"நில்லுங்களேன்," என்றார் முதலாளி.

"இல்ல... பெட்டி நழுவும் சேர்."

"அப்ப அன்னைக்கு நழுவுனது என் கவனமா, பெட்டியா?"

அடுத்த கிழமை கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெறும் கடிதத்திலும் எஞ்சினியரே கையெழுத்திட வேண்டியிருந்தது. நான் எதிரில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

கட்டுகஸ்தோட்டைக் கோயிலில் தேங்காய் உடைத்தேன். சென்சரை வேண்டுமென்றே துடைக்காமல் விட்டதை முருகனிடம் ஒளிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. எஞ்சினியர் இன்றும் நான் நின்ற அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார். விந்தி விந்தி நடந்தாவது அதைப் பார்க்கப் போய்விடுகிறேன்.