நூறு ரூபாய் எதிரணி

பருத்தித்துறையில், கடலோர உதைபந்தாட்ட மைதான வாசலில் நிற்கிறேன். கரும்பலகையில் நுழைவுச்சீட்டு நூறு ரூபாய் என்றிருக்கிறது. அடியில் அழித்த முந்நூறு இன்னும் தெரிகிறது.

"இண்டைக்கு ஏன் அண்ணை மலிவு?" என்று சீட்டுக் கிழிப்பவரைக் கேட்கிறேன்.

"போன கிழமை வந்தது பக்கத்து ஊர், நிக்க இடமில்லை. இண்டைக்கு வாற ஊரிலை சனம் எங்கை? பாதி கனடாவிலை."

அது என் ஊர். நானும் கனடாவிலிருந்துதான் வந்திருக்கிறேன். முந்நூறு ரூபாயை நீட்டுகிறேன். "எங்கடை ஊருக்கும் இதையே எடுங்கோ."

"நீங்கள் அந்த ஊரோ? அப்ப காசு வேண்டாம். உங்கடை பக்கத்திலை ஒருத்தரும் இல்லை, போய் நில்லுங்கோ."

கயிற்றோரம் தனியாக நிற்கிறேன். எங்கள் அணி வரிசையாக வந்து, வழக்கம்போலத் தன் ஊர்ச்சனத்தின் பக்கம் திரும்பிக் கையசைக்கிறது. பதினொரு பேரில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. நானும் கையசைக்கிறேன்.