பெரட்டில் நிமிர்ந்தவர்கள்

என் மகன் கூனிக்கொண்டுதான் நடக்கிறான். இருபது வயது. ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள். ஆனாலும் தோளைத் தொங்கவிட்டு, தரையைப் பார்த்தே போகிறான். "நிமிர்ந்து நடடா" என்று அவன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதைச் சொல்ல வாய் வந்ததில்லை.

சுங்கைப் பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் கிராணி, கணக்கு எழுதுகிறவன். ஜித்ராவில் ஜப்பானியரிடம் ஆங்கிலேயர் அணி உடைந்த வாரம், எங்கள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒரு சிப்பாய் குந்தியிருந்தார். தமிழ் பேசினார். விமானத் திடலுக்குக் காவல் நின்ற படையாம். கூட இருந்தவர்கள் எந்தப் பக்கம் ஓடினார்களோ தெரியவில்லை. தொப்பியில் ஆங்கிலேயக் கிரீடம் இல்லை, இரட்டைத் தலைப் பறவை ஒன்று இருந்தது.

"வெள்ளைக்காரன் ஆளுன்னு நினைச்சிடாதீங்க அண்ணே. எங்க சமஸ்தானத்து மகாராஜா அனுப்பின பட்டாளம். அவர் உப்பைத் தின்னவன் நான்."

"இங்க கஞ்சிக்கே உப்பில்ல தம்பி" என்றாள் என் மனைவி. "மொதல்ல உள்ள வாங்க."

அவளுடைய தம்பி என்று சொல்லி வைத்துக்கொண்டோம். ஆட்களின் வரிசை வீடுகளான லயம் முழுக்க உண்மை தெரியும்; ஒருவரும் வெளியே விடவில்லை. சில வாரங்களில் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் பழகிவிட்டார். நிற்கத்தான் பழக முடியவில்லை. விடியற்காலை ஆட்கள் வரிசையாக நின்று பெயர் கொடுப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். அங்கே அவர் நெஞ்சை நிமிர்த்தி, வெறுங்கால் குதிகளை ஒட்டி, கம்பம்போல் நிற்பார்.

"யோவ் மகாராஜா, கொடியேத்தப் போறியா? கொஞ்சம் கூனு லா!" என்பாள் பக்கத்து வீட்டுப் பால்வெட்டுக்காரி.

என் மனைவி அவருக்கு வீட்டில் பயிற்சி கொடுத்தாள். ஒரு காலில் பாரம், வயிறு முன்னால், கை தலையைச் சொறிய வேண்டும். "இப்படி நின்னதுக்குத்தான் அக்கா அங்க தண்டனை கொடுப்பாங்க" என்று சிரிப்பார். மெல்ல மெல்லக் கூனல் அவருக்கு வந்துவிட்டது. அதே மாதங்களில் என் மகன், பால்வாளி சுமந்து வரும்போதுகூட, அவர் முதலில் நின்ற மாதிரியே நிமிர்ந்து நடந்தான்; அதட்டிக் கூப்பிட்டால் குதிகளை ஒட்டி நிற்கவும் பழகியிருந்தான். எங்களுக்குப் பார்க்க அழகாக இருந்தது.

ஒருநாள் பெரட்டுக்குக் கிளம்பும்போது அவர் வாசலில் திரும்பி, "அக்கா, இன்னிக்கு நம்ம கூனு சரியா இருக்கா?" என்று கேட்டார். "முதல் தரம்" என்றாள்.

அன்று லாரியில் ஜப்பானியர் வந்திருந்தனர். ஒளிந்திருக்கும் சிப்பாய்களைத் தேடுகிறார்கள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதிகாரி வரிசையை மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், திடீரென்று "கியோட்சுகே!" என்று கத்தினார். நேராக நில் என்பதுதான் அதன் பொருள். எங்கள் ஆட்கள் வழக்கம்போல் குழம்பி, பாதிப் பேர் குனிந்து வணங்கினார்கள். ஒரே ஒருவனுடைய குதிகள் மட்டும் ஒன்றோடொன்று மோதி நின்றன.

என் மகன்.

அதிகாரி அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். "அஸ்கார்?" சிப்பாயா என்று மலாயில் கேட்டார்.

"புக்கான், துவான். அனாக் சாயா" என்றேன். இல்லை ஐயா, என் மகன். அவனை லாரிப் பக்கம் தள்ளினார்கள்.

அப்போது வரிசையின் கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டிருந்தவர் கையை இறக்கினார். முதுகு நிமிர்ந்தது. மூன்றடி முன்னால் வந்து, செம்மண்ணில் காலை ஓங்கி வைத்து, சல்யூட் அடித்தார்.

"அஸ்கார், சாயா." சிப்பாய் நான்தான் என்றார்.

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மகனை ஓர் அறை அறைந்து விட்டுவிட்டார்கள். அவரை ஏற்றிக்கொண்டு லாரி போயிற்று. எங்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்றுதானோ என்னவோ, அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. சண்டை முடிந்தபின் பெண்டாங், கோலா கெடா என்று ஊர் ஊராக விசாரித்துவிட்டேன். பார்த்தவர் இல்லை.

இப்போது மறுபடியும் வெள்ளைக்காரத் துரை வந்து பெரட்டு நடக்கிறது. மண்ணில் யாராவது காலை அழுத்தி வைத்தால் நான் வரிசையின் கடைசியைத் திரும்பிப் பார்க்கிறேன்.

போன வாரம் அவன் அம்மா அவன் முதுகில் தட்டி, "நிமிருடா, கிழவனாட்டம்" என்றாள்.

"நான் நிமிர்ந்தா யாராவது போகணும்மா" என்றான்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளும் சொல்வதில்லை.