மறைக்கச் சொன்ன கன்னம்

பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த நர்ஸ், எனக்கு அவளுடைய வலது கன்னத்தை மட்டும் காட்டினார். இடது பக்கத்தைத் தன் மார்போடு சேர்த்து அணைத்திருந்தார். பெண் குழந்தை, நல்ல எடை, ஒரு குறையும் இல்லை என்றார். கையை நீட்டி வாங்கியபோதுதான் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை இடது கன்னம் முழுக்கச் சிவந்து கிடந்தது. அந்த நர்ஸ் மேல் வந்த கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. பெற்றவளிடம் மறைக்க என்ன இருக்கிறது?

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காங்கேயத்திலிருந்து வந்த என் சொந்தங்கள் கிரகணத்தன்று வெளியே போனாயா என்று கேட்டார்கள். எங்களோடு ஒரே வீட்டில் இருந்த என் கணவர் செந்திலின் அக்கா சரோஜா வேறு கண்டுபிடித்தார். நான் திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து வரும் துணியை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, கறையும் ஓட்டையும் எங்கே என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. நான் மாசமாக இருந்தபோது எல்லாம் சிவப்பு ஆர்டர். நாள் முழுக்கச் சிவப்பிலேயே கண்ணை வைத்திருந்தால் பிள்ளை வேறு எப்படிப் பிறக்கும் என்றார் சரோஜா. என் பக்கத்து மேஜைக்காரிக்கும் அதே வருடம் பிள்ளை பிறந்தது. அது பால் மாதிரி இருந்தது. அதை எடுத்துச் சொன்னால் எனக்கு வாய் நீளம் என்று பேர்.

நாங்கள் முதலில் காட்டிய குழந்தை மருத்துவர் தலையை நிமிர்த்தாமலே, ஒரு வயதுக்குள் தானாக மறைந்துவிடும் என்று சொல்லிவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தார். நம்பிச் சில மாதம் காத்திருந்தோம். மறையவில்லை. குழந்தை அழும்போதெல்லாம் அந்தக் கன்னம் இன்னும் கருத்துச் சிவந்தது. பிறகு நானாகவே கோவையில் ஒரு தோல் மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது போர்ட் வைன் ஸ்டெயின் (தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் பிறவியிலேயே விரிந்திருப்பதால் வரும் சிவப்பு) என்றார். தானாகப் போகாது, வயது ஏற ஏறத் தடிக்கும், சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்றார். இமையை ஒட்டி இருப்பதால் கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) வராமல் பார்க்க வேண்டும் என்று கண் மருத்துவரிடமும் அனுப்பினார். கண்ணில் அழுத்தம் இல்லை. அந்த ஒரு நல்ல செய்தியைக் கேட்கக்கூட அத்தனை மாதம் வீணாகியிருந்தது.

உங்கள் குழந்தைக்கும் இப்படி இருந்தால், பொறுத்துப் பாருங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சொல்கிறவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சிகிச்சை லேசர் ஒளி. தோலின் மேல் ஒவ்வொரு புள்ளியாக அடிக்கும்; உள்ளே விரிந்த குழாய்கள் மட்டும் சூடாகி அடைபடும். கைக்குழந்தை என்பதால் மயக்க மருந்து கொடுத்து, கண்ணுக்கு மூடி போட்டுச் செய்தார்கள். ஒரே தடவையில் முடியாது, பல அமர்வுகள் வேண்டும். ஒரு விஷயத்தை மருத்துவர் அழுத்திச் சொன்னார்: சிகிச்சைக்கு வரும் நாளில் முகத்தில் எண்ணெய், பவுடர், மை எதுவும் இருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து நான் அதையே சொன்னேன்.

முதல் அமர்வு முடிந்ததும் கன்னம் கருநீலமாகிவிட்டது. தோலுக்கடியில் ரத்தம் கட்டினால் அப்படித்தான் இருக்கும், தானாகக் கலையும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வீட்டில் யாரும் நம்பவில்லை. சரோஜா என்னைக் கொலைகாரியைப் போலப் பார்த்தார். சில வாரங்களில் நீலம் கலைந்தது. அடியில் சிவப்பு ஒரு படி குறைந்திருந்தது. வேறு யார் கண்ணுக்கும் அது படவில்லை. கறையைப் பார்த்துப் பார்த்தே சம்பளம் வாங்கிய கண் என்னுடையது, எனக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கம் குழந்தையை வெளியே தூக்கிப்போனால் கன்னத்தில் கருப்பு மையால் திருஷ்டிப் பொட்டு வைப்பார்கள். அழகான பிள்ளைக்குக் கண் பட்டுவிடக்கூடாது என்பதற்காக. என் மகள் மதுமிதாவுக்கு அந்தப் பொட்டு நாளாக நாளாகப் பெரிதானது. ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இடது கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வைத்திருந்தார் சரோஜா. நான் அழிப்பேன், அவர் வைப்பார்.

இரண்டாவது அமர்வுக்குச் செந்திலால் வர முடியவில்லை. அவர் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர், சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நெருக்கடி. சரோஜா துணைக்கு வந்தார். மயக்க மருந்துக்குச் சம்மதக் கையெழுத்துப் போட நான் உள்ளே போயிருந்தேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பிள்ளை அவர் மடியில் இருந்தாள். திரும்பி வந்தபோது முகம் சுத்தமாகத்தான் தெரிந்தது. நான் என்னத்தைக் கண்டேன்.

அடுத்த நாள் கன்னத்தில் கொப்புளம். நீலம் பரவியிருந்த இடத்துக்கு நடுவே வட்டமாக, வெந்த மாதிரி. தூக்கிக்கொண்டு ஓடினேன். மருத்துவருக்கு முகம் இறுகிவிட்டது.

"கருப்பு எங்க இருந்தாலும் அந்தச் சூடு அங்கதாங்க எறங்கும். மூஞ்சில என்னத்தப் பூசுனீங்க?"

ஒன்றும் பூசவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. சொன்னதைக் கேட்காத ஜனங்களோடு தான் படும் பாட்டை, அத்தனை பேர் நடுவில் என்னிடம் கொட்டித் தீர்த்தார். அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் மேஜையில் கறையின் வடிவத்தைப் பார்த்தே அது தையல் மிஷின் எண்ணெயா துருவா பேனா மையா என்று சொல்லிவிடுவோம். பஸ் திருப்பூர் வந்து சேர்வதற்குள் எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் பக்கம் கணவரின் அக்காவை நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டு வாசலிலேயே கேட்டேன்.

"நங்கையா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில புள்ளைக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"வெச்சேன் கண்ணு. நர்சு வந்தொடனே முந்தானையில தொடச்சுப்போட்டேன்."

"எதுக்கு வெச்சீங்க?"

"நாலு பேரு கண்ணு படற எடம். அதுக்குத்தான்."

"கண்ணு படறதுக்கு அவ அழகா இருக்கறான்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கீங்களா? மறைக்கத்தானுங்க வெச்சீங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. அழட்டும் என்றுதான் இருந்தது. என் பிள்ளை அழுத அழுகைக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

ஆனால் வீட்டில் பழி லேசர் மேல்தான் விழுந்தது. வெந்தது போதும், இன்னொரு தடவை என் பிள்ளையை அங்கே படுக்கவைக்க மாட்டேன் என்று செந்தில் ஒரே பிடியாக நின்றார். இடையில் நிறுத்தினால் குழாய்கள் மறுபடியும் விரியும் என்றேன். அவர் அக்கா முகத்தைப் பார்த்தார். நீங்கள் வரவேண்டாம், நான் போகிறேன் என்றேன். அன்றிலிருந்து வெகுநாள் என்னிடம் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், அவ்வளவுதான். நானும் போய்ப் பேசவில்லை.

கொப்புளம் ஆறி, சின்னதாக ஒரு வெள்ளைத் தழும்பு நின்றது. பிறகு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தனியாகவே பஸ்ஸில் போய்வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கொதிக்கிற தண்ணீரைக் கொட்டிவிட்டாயா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், உங்களுக்கும் வேண்டுமா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பயணம் நிம்மதியாக இருந்தது.

அந்த வருடங்களை எனக்கு மாதக் கணக்கில் நினைவில்லை. கன்னத்தின் நிறத்தை வைத்துத்தான் நினைவு. கருநீலமாக இருந்தபோது கம்பெனியை மாற்றினேன். பழுப்பாக இருந்தபோது அவள் நடக்கத் தொடங்கினாள். வெளிர் சிவப்புக்கு வந்தபோது செந்தில் ஒரு நாள் தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்.

கடைசியில் மருத்துவர் இதற்கு மேல் வெளுக்காது என்றார். பாதிக்கு மேல் போய்விட்டது, மிச்சம் இருக்கும், வளரும்போது சற்றுக் கருக்கவும் கூடும். இதைச் சொல்லத்தானா இத்தனை வருடம் அலையவிட்டீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை. ஆனாலும் சிகிச்சைக்குப் போனது நல்லதுதான். கன்னம் தடிக்கவில்லை, கண் நன்றாக இருக்கிறது. நீங்களும் போங்கள். முழுக்கப் போய்விடும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

மதுமிதாவைப் பள்ளியில் சேர்க்கப் புகைப்படம் கேட்டார்கள். திருப்பூர் ராயபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தோம். மறுநாள் வாங்கப் போனபோது கடைக்காரர் சந்தோஷமாக நீட்டினார். அந்தச் சிவப்பைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டேன், அதற்குத் தனியாக ஒன்றும் தரவேண்டாம் என்றார்.

நல்ல மனிதர்தான். ஆனால் எந்த முகத்துக்காக அத்தனை பேரிடமும் சண்டை போட்டேனோ, அந்த முகம் பளபளவென்று என் கையில் இருந்தது. இரண்டு கன்னமும் ஒரே நிறம். அதைப் பார்க்க எனக்கு ஆசையே வரவில்லை. யாரோ ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் திணித்த மாதிரி இருந்தது.

மதுமிதா எட்டி வாங்கிப் பார்த்தாள்.

"இது யாரும்மா?"

கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, எடுத்தது எடுத்த மாதிரியே குடுத்துருங்க."

"பள்ளிக்கொடத்துல குடுக்கறதுங்க. இதுதான் நல்லா இருக்குது."

"நல்லாத்தான் இருக்குது. எம்புள்ள இல்லீங்க இது."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்து எதையோ அழுத்தினார். திரையில் அந்தக் கன்னத்தில் சிவப்பு வந்து உட்கார்ந்தது. மதுமிதா மேஜை விளிம்பைப் பிடித்து எக்கிப் பார்த்தாள்.

"இது நானு" என்றாள்.