ஸ்டீயரிங் எந்தப் பக்கம்

சித்தி செய்துகொண்டிருந்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. காரின் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். அவள் அதை இடப்பக்கம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தங்கையான சித்தி, மயூர் விஹாரில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. அம்மாவுக்கு அனுப்ப மனமில்லை. இந்த இரண்டும் நான் பிற்பாடு தெரிந்துகொண்டவை. அப்போது தெரிந்ததெல்லாம், இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதும், பார்சலில் ஒரு கார் வந்திருக்கிறது என்பதும்தான்.

உள்ளங்கை அளவு கார். ரெசின் பிளாஸ்டிக்கில் வார்த்த வெறும் கூடு, உள்ளே ஸ்டீயரிங்கோடு ஒரு டேஷ்போர்டு மட்டும். வந்தபோதே கூரையைத் தாங்கும் தூண் ஒன்று முறிந்து, கூடும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தது. சித்தி அதை வெந்நீரில் போட்டு, இளகியதும் விரலால் நிமிர்த்தினாள்.

“ஏட்டி, ரசம் வைக்கிற பாத்திரமா கெடச்சிது ஒனக்கு?” என்றாள் அம்மா. அந்த வாரம் அவள் சித்தியிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

முறிந்த தூணில் ஊசித் துளை போட்டு, கம்பி செருகி ஒட்டினாள் சித்தி. காற்றுக் குமிழிகள் விட்ட குழிகளைப் புட்டிப் பசையால் அடைத்து, பால்கனி வெயிலில் உட்கார்ந்து தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தாள். பக்கத்தில் அம்மா பட்டாணி உரித்தாள். நான் ஒவ்வொரு வேலையையும் நோட்டில் எழுதி டிக் போட்டேன்.

ரிப்பேரெல்லாம் முடிந்த பிறகுதான் சித்தி டேஷ்போர்டை நடுவில் அறுத்து, இரண்டு துண்டுகளையும் பக்கம் மாற்றி வைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

“அங்க நான் ஓட்டப்போற வண்டி இப்படித்தாம்ட்டி இருக்கும்.”

அம்மா பட்டாணித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. சித்தி கார் ஓட்டக் கற்றபோது பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். வலப்பக்கம் உட்கார்ந்தே அவள் இரண்டு ஆட்டோக்காரர்களிடம் திட்டு வாங்கியிருந்தாள். இடப்பக்கம் உட்கார்ந்தால் என்ன ஆவது? மறுநாள் அவள் வெளியே போனதும், தற்காலிகமாக ஒட்டியிருந்த துண்டுகளைப் பெயர்த்து, பழைய இடங்களிலேயே சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன். நோட்டில் ஒரு டிக்.

மேஜையைத் துடைக்க வந்த அம்மா காரை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். நேராகப் போய் அப்பாவின் ஆபீசுக்குப் போன் செய்தாள். “அவ போவல. மனசு மாறிட்டா.” பிறகு கேசரி கிளற ஆரம்பித்தாள். யாருக்குப் பிறந்தநாள் என்று யோசித்துப் பார்த்தேன், யாருக்கும் இல்லை.

சித்தி கதவைத் திறந்து வந்ததுமே, “வாயத் தொறந்து சொன்னா கொறைஞ்சா போயிருவ? பொம்மையில காட்டணுமாக்கும்?” என்றாள் அம்மா. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சித்தி காரைப் பார்த்தாள். பிறகு என்னை.

பாராட்டு எனக்குத்தான் என்று நினைத்து, “நான்தான் சரி பண்ணேன்” என்றேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள்.

“விசா வந்துட்டுக்கா” என்றாள் சித்தி.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எது தப்பு என்றாவது தெரிந்திருக்கும். கடுங்குளிரில் சூப்பர் க்ளூ பிடி விடும் என்று சொல்லி, சித்தி காரை ஒரு கிண்ணத்தில் போட்டு ஃப்ரீசரில் வைத்தாள். கேசரி யாரும் தொடாமல் இருந்தது. நான் மட்டும் இரண்டு முறை சாப்பிட்டேன்.

காலையில் காரை வெளியே எடுத்தது அம்மா. சித்தியின் முன்னால் கொண்டுபோய் உட்கார்ந்து, “நான் பிடிச்சிக்கிடுதேன், நீ கழட்டு” என்றாள்.

சித்தி கத்தி நுனியால் நெம்பினாள். டக்கென்று ஸ்டீயரிங் துண்டு கழன்று வந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்த பிறகும் அம்மா இரண்டு கையாலும் காரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். வாங்குவதற்காகச் சித்தி நீட்டிய கை அப்படியே நின்றது. இவ்வளவு சில்லென்ற பொருளை எதற்கு இத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

“அதான் கழண்டுட்டே, விடும்மா” என்று சொன்னது நான்தான்.